உங்களுக்குத் தெரியுமா? வாத்துக்கு உடம்பு சரியில்லை என்றால்...

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் சாலையில் வந்தால் கள்ளிக்குப்பம். பக்கத்தில் புழல் ஏரி, எட்டும் தூரத்தில் தொழிற்பேட்டை. இங்கே பின்கட்டில் ரெண்டு வாத்து வளர்ப்பவருக்கு, அதில் ஒன்று சுருண்டு உட்கார்ந்துவிட்டால் யாரைக் கேட்பதென்று சட்டெனப் புரியாது. நாய்க்கும் பூனைக்கும் சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு, வாத்துக்கு இல்லை. வீட்டில் செய்ய வேண்டிய வாத்து வைத்தியத்தில் முக்கால்வாசி தண்ணீர், தரை, தீவனம் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். மருந்து அதற்கு அப்புறம்தான்.

தொட்டால் சுடும், அது காய்ச்சல் இல்லை

ஆரோக்கியமான வாத்தின் உடல் வெப்பமே சுமார் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். ஆகவே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இங்கே உதவாது. அதற்குப் பதில் மார்பின் நடுவே ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை நிறைந்திருந்தால் நல்லது. எலும்பு கத்தி விளிம்பாகத் துருத்தினால், நோய் வந்து பல நாள் ஆகிவிட்டது. வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வைப்பவர்களுக்கு இந்த அதிர்ச்சி வராது.

கடைசியாக வருவது யார்?

கழுகுக்கும் நாய்க்கும் இரையாகும் பறவை, தன் பலவீனத்தை வெளியே காட்டாது. கூட்டத்தோடு நடக்கும், தீவனத்தில் அலகை வைக்கும், ஆனால் விழுங்காது. காலையில் கூண்டைத் திறந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தினமும் முந்தி ஓடி வருவது இன்று பின்தங்கினால் அதுவே முதல் அறிகுறி. வாலை மேலும் கீழும் ஆட்டி மூச்சு விடுவது, நிழலில் நின்றும் அலகைத் திறந்தே வைத்திருப்பது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்குவது எல்லாம் இரண்டாம் கட்டம்.

ஆண் வாத்துக்குத் தொண்டை கட்டவில்லை

உரக்கக் கத்துவது பெட்டைதான். வளர்ந்த ஆண் வாத்தின் குரல் கம்மிக் கரகரக்கும். அதன் குரல்பெட்டியின் அமைப்பே அப்படி. சளி என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள். வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு இருந்தால் அது ஆண். முகத்தில் சிவந்த தோல் தடித்திருக்கும் மணிலா வாத்தோ கத்துவதே அபூர்வம், சீறும். எப்போதும் கத்திக்கொண்டிருந்த பெட்டை திடீரென்று கம்மினால் மட்டும் கவனியுங்கள்.

ஒரு கண்ணை மூடித் தூங்கும்

1999-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வரிசையாகத் தூங்கும் வாத்துகளைக் கவனித்தார்கள். வரிசையின் ஓரத்தில் இருந்தவை, கூட்டத்துக்கு வெளிப்புறம் இருந்த கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. மூளையில் ஒரு பாதி தூங்க, மறுபாதி காவல் காத்தது. எனவே ஒற்றைக் கண் மூடியிருப்பது நோய் இல்லை. விழித்து நடக்கும்போதும் அந்தக் கண் மூடியே இருந்தால், நுரை தெரிந்தால், சுற்றியுள்ள இறகு ஈரமாக ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை.

கண் நோய்க்குப் பாதி மருந்து ஆழமான பேசின்

கோழிக்கு வைக்கிற தட்டுத் தண்ணீர் வாத்துக்குப் போதாது. தலை முழுக அமிழ்த்தித்தான் அது கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் கழுவிக்கொள்ளும். அந்த ஆழம் இல்லாவிட்டால் தீவனத் தூசி மூக்கில் அடைத்து, கண்ணில் பீளை கட்டும். சுத்தமான தண்ணீரை ஆழமான பேசினில் வையுங்கள். ஆறவைத்த வெந்நீரிலோ கடையில் கிடைக்கும் சலைனிலோ பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடையுங்கள். இரண்டு நாளில் தெளியாவிட்டாலோ கன்னம் வீங்கினாலோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மட்டும் வேண்டாம்

புண்ணா, பேனா, எதுவானாலும் வேப்பெண்ணெய் தடவுவது நம் கை வழக்கம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சரி. வாத்தின் வாலடியில் தானே சுரக்கும் ஒரு சுரப்பி உண்டு. அந்தப் பிசுக்கை அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்ளும். நுண்ணிய இறகு இழைகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால்தான் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. வெளி எண்ணெய் பட்டால் அந்தக் கோப்பு கலைந்து, தண்ணீரும் குளிரும் தோலைத் தொட்டுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் இறகில் கறுப்புப் பூச்சோடு தவித்ததைப் பார்த்தோம். அளவுதான் வேறு, விளைவு அதேதான். புண்ணுக்குச் சலைனில் கழுவி, பொவிடோன் அயோடின் தொட்டு வைத்தால் போதும். மாட்டுப் புழுப்புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைனைப் பறவைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

குஞ்சுக்கு நீச்சல் தெரியும், ஆனால் நனையும்

தாயோடு திரியும் குஞ்சுக்குத் தாயின் அணைப்பும் இறகுப் பிசுக்கும் காப்பு. இன்குபேட்டரில் பொரித்து வாங்கிவந்த குஞ்சுக்கு அது இல்லை. டப்பில் நீந்தவிட்டு வீடியோ எடுக்கும் பத்து நிமிடத்தில் நனைந்து நடுங்கிவிடும். நடுங்கினால் துணியால் ஒற்றி, மின்விளக்கு வெப்பத்தில் உலரவிடுங்கள். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 30 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை என்பதால், சென்னையில்கூட மழை இரவில் விளக்கு வேண்டும். விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு. இதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை.

சிமென்ட் தரை தரும் கால் நோய்

நீரிலும் சேற்றிலும் நடக்கப் படைத்த பாதம் அது. சிமென்ட் தரையிலும் ஜல்லியிலும் நாள் முழுக்க நடந்தால் உள்ளங்காலில் கீறல் விழும். கிருமி நுழைந்து, நடுவே கறுத்த பொருக்கோடு கட்டி எழும். நொண்டும் வாத்தைத் தூக்கினால் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். தொடக்கநிலை என்றால் வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவைத்து, உலர்த்தி, அயோடின் தொட்டு, மெல்லிய கட்டுப் போட்டு, வைக்கோல் பரப்பிய இடத்தில் விடலாம். பிளேடால் கீறுவது உங்கள் வேலை அல்ல. தரையை மாற்றாமல் காலுக்கு மட்டும் மருந்து போட்டால் நோய் திரும்பி வரும்.

காலைப் பிடித்துத் தூக்காதீர்கள்

கோழியைக் கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வாத்தின் கால் அந்தப் பாரத்தைத் தாங்காது, மூட்டு பிசகும். இறக்கையோடு சேர்த்து உடம்பை அணைத்து, அடிவயிற்றில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். பல வீடுகளில் ‘திடீரென்று நொண்டுகிறது’ என்பதன் காரணம், முந்தின நாள் யாரோ பிடித்த பிடிதான்.

கோழித் தீவனத்தில் குறையும் ஒரு சத்து

நியாசின் என்ற பி வகை வைட்டமின் கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்குக் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ தீவனத்துக்கு சுமார் 55 மில்லிகிராம். குருணையும் சோறும் மட்டும் தின்று வளரும் குஞ்சுக்கு அது கிடைக்காது. கால் வில்லாக வளையும், முட்டி வீங்கும், எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தே நகரும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் ஈஸ்ட் தூளோ, மருத்துவர் அளவு சொல்லும் பி காம்ப்ளக்ஸோ சில நாட்களில் நிமிர்த்திவிடும். எலும்பு முற்றிவிட்டால் வளைவு வளைவுதான்.

பிரெட் போடும் பாசம்

சிறகின் நுனி உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் திரும்பி நிற்பதற்கு ‘ஏஞ்சல் விங்’ என்று பெயர். இறகு எடை கூடும் வேகத்துக்கு மூட்டு வலுப்பெறாததால் வருவது. மாவுச்சத்து மிகுந்த தீனி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இளம் குஞ்சில் சிறகை இயல்பாக மடித்து மெல்லிய துணிக்கட்டால் சில நாள் பிடித்து வைத்தால் நேராகும். வளர்ந்த பிறகு சரிசெய்ய முடியாது, அதனால் உயிருக்கு ஆபத்தும் இல்லை. பிரெட்டுக்குப் பதில் கீரை, அசோலா, ஊறவைத்த பயறு.

பூசணம் பிடித்த புண்ணாக்கு விஷம்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. துப்புத் துலக்கியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை அகப்பட்டது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அதன் பிறகு, தீவனத்தில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்கள் வாத்துக் குஞ்சைத்தான் பயன்படுத்தின; அந்த அளவுக்கு அதன் ஈரல் மென்மையானது. ஐப்பசி மழையில் நமுத்த புண்ணாக்கையும் கட்டிதட்டிய தவிட்டையும் ‘வீணாகிறதே’ என்று வாத்துக்குப் போடாதீர்கள். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது.

ஈர வைக்கோல் நுரையீரலைத் தின்னும்

அதே மழைக்காலத்தில் கூண்டுக்குள் ஈரமான வைக்கோலில் இன்னொரு பூஞ்சை வளரும். அதன் தூள் மூச்சில் ஏறினால் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் குடியேறும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இளைக்கும், மருந்துக்கு எளிதில் மசியாது. மழை நாளில் படுக்கையை மாற்றுவது மருந்தைவிட மலிவு.

மினுங்கினால் விழுங்கும்

வாத்து சேற்றை அலசி, அகப்பட்டதை விழுங்கும். அம்பத்தூர் வட்டாரத்தில் அப்படி அகப்படுவது நத்தை மட்டுமல்ல; லேத் பட்டறைச் சுருள், திருகாணி, ஒயர் துண்டு, ஈயப் பற்று. அரைவைப் பையில் கல்லோடு சேர்ந்து அரைபடும்போது ஈயமும் துத்தநாகமும் ரத்தத்தில் கலக்கும். பச்சையான கழிச்சல், தள்ளாட்டம், தொங்கும் இறக்கை, கடுமையான இளைப்பு. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. எக்ஸ்ரே எடுத்தால் உலோகம் தெரியும், நஞ்சை இறக்க ஊசி உண்டு. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே: கயிற்றில் கட்டிய காந்தத்தை வாரம் ஒரு முறை கொல்லை முழுதும் இழுங்கள். இரும்பு அதில் ஒட்டும், ஈயம் ஒட்டாது. அதைக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

கழுத்து துவண்டால் தண்ணீரைப் பாருங்கள்

2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் கால் இழுத்து, கழுத்து துவண்டு செத்தன. காரணம் பாட்டுலிசம் என்ற நச்சுநோய். தேங்கிய வெதுவெதுப்பான நீரிலும் அழுகிய உடலிலும் காற்றில்லாத இடத்தில் ஒரு கிருமி அந்த நச்சை உண்டாக்கும். செத்த எலியில் நெளியும் புழுவைத் தின்றாலே வாத்துக்குப் போதும். வீட்டு வாத்துக்கு இப்படி ஆனால் உடனே அந்தக் குட்டையிலிருந்து பிரித்து, நிழலில் கிடத்தி, தலைக்குத் துணி முட்டுக் கொடுத்து, சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். லேசாகத் தாக்கியவை பிழைக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் விடாதீர்கள்; தலையை நிமிர்த்த முடியாமல் மூழ்கிவிடும்.

காலை ஒன்பது மணிக் கணக்கு

வாத்து பெரும்பாலும் விடியலிலிருந்து காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். மதியம் வரை முக்கிக்கொண்டு, பின்பக்கம் தாழ்த்தி நிமிர்ந்து நின்றால் முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உட்காரவைத்து, பிறகு இருட்டான சூடான இடத்தில் தனியே விடுங்கள். சில மணி நேரத்தில் வெளிவராவிட்டால் மருத்துவர். வயிற்றை அழுத்தி எடுக்க முயன்றால் உள்ளே உடையும். இதைத் தடுக்க, தீவனத்துக்குப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள். தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆண் வாத்தின் தனிச் சிக்கல்

பறவையினங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆண்குறி கிடையாது, வாத்துக்கு உண்டு. சில நேரம் வெளிவந்தது உள்ளே போகாமல் தொங்கிவிடும். பெட்டைகளிடமிருந்து பிரித்து, சலைனால் கழுவி, ஈரமாகவே வைத்திருந்து, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உலர்ந்தால் அழுகும். ஓர் ஆணுக்கு இரண்டு பெட்டை போதாது, நான்கைந்தாவது வேண்டும் என்பதும் இதில் அடக்கம்.

வாத்துக்கென்றே ஒரு பிளேக்

பெயர் பிளேக் என்றாலும் இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். 1923-ல் நெதர்லாந்தில் முதலில் தெரிந்தது. இந்தியாவில் 1963-ல் மேற்கு வங்கத்தில் பதிவானது. வெளிச்சத்துக்குக் கண் கூசுவது, ஓயாத தாகம், பச்சைத் தண்ணீராகக் கழிச்சல், நிற்க முடியாமல் இறக்கையை ஊன்றிக் கிடப்பது, பிறகு அடுத்தடுத்துச் சாவு. மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. வழக்கமாக 8 வார வயதுக்கு மேல் போட்டு, ஆண்டுக்கொருமுறை தொடர்வார்கள். கேரளத்தின் பாலோட்டில் உள்ள அரசு நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. ஒரு குப்பியில் பல வாத்துகளுக்கான மருந்து இருக்கும், கரைத்தபின் சில மணி நேரத்தில் போட்டாக வேண்டும். ஆகவே கால்நடை மருந்தகத்துக்குத் தனியாகப் போகாமல், தெருவில் வாத்து வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து கேட்டால் காரியம் நடக்கும்.

கோழிக்குக் கண்டம், வாத்துக்கு இல்லை

கொல்லைக் கோழிகளை அள்ளிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல் வாத்தைப் பெரும்பாலும் சாய்ப்பதில்லை. ஆனால் வைரஸ் அதன் உடலில் இருக்கலாம், கோழிக்குத் தொற்றலாம். ஒரே கொல்லையில் இரண்டும் இருந்தால் கோழிக்குத் தடுப்பூசி தவறக்கூடாது. காலரா கதை வேறு. அது இரண்டையும் கொல்லும். 1880 வாக்கில் லூயி பாஸ்டர் ஆய்வகத்தில் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்து செய்து காட்டியது இந்தக் கோழிக் காலராவுக்குத்தான்.

பறவைக்காய்ச்சல்: இங்கே வைத்தியம் நிற்கும்

2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டில் லட்சக்கணக்கான வாத்துகளை அழிக்க வேண்டி வந்தது. 2024 ஏப்ரலில் ஆலப்புழையின் எடத்வா, செருதனப் பகுதி வாத்துகளில் மறுபடி உறுதியானது. வலசை வரும் காட்டு வாத்துகள் நோய் தெரியாமலே வைரஸைச் சுமக்கக்கூடும் என்பதால், ஏரிக்கரையில் வீட்டு வாத்தை மேயவிடுபவர்கள் குளிர்காலத்தில் தண்ணீரையும் தீவனத்தையும் வீட்டுக்குள்ளேயே வைப்பது நல்லது. ஒன்றிரண்டு நாளில் பல பறவைகள் செத்தால், தலை வீங்கி அலகு நீலம் பாரித்தால், வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். தகவல் சொல்வது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமையும்கூட.

வாயில் ஊற்றினால் நெஞ்சில் ஏறும்

வாத்தின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கும். அலகைப் பிளந்து கஷாயத்தைச் சரித்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே விழுங்கும். தள்ளாடும் வாத்துக்கு அதுவும் வேண்டாம். கண்ணளவில் உப்பு போட்ட கரைசலும் ஆபத்து. பறவைக்கு உப்பு மிஞ்சினால் நஞ்சு. கால்நடை மருந்துக்கடையில் எலக்ட்ரோலைட் பொடி கிடைக்கிறது, அளவு பொட்டலத்திலேயே இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தரவே தராதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரி, ஆனால் பார்வையில் வை

நோயாளியைத் தனியே வைக்க வேண்டும். ஆனால் இருட்டறையில் தள்ளினால் கூட்டத்தில் பழகிய வாத்து தீனி எடுக்காது. கம்பி வலைக்கு அப்பால் மற்றவை தெரியும்படி, நிழலில், காய்ந்த படுக்கையில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் தனி. முதலில் நல்ல வாத்துகளுக்குத் தீவனம், கடைசியில் நோயாளிக்கு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல். சால்மோனெல்லா வாத்திலிருந்து குழந்தைகளுக்கு வர நாளாகாது. சந்தையில் புதிதாக வாங்கிய வாத்துக்கும் குறைந்தது இரண்டு வாரம் இதே ஏற்பாடு.

காட்டு வாத்து உங்களுடையது அல்ல

ஏரியில் அடிபட்டுக் கிடந்த புள்ளிமூக்கு வாத்தை எடுத்துவந்து வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பெட்டியில் போட்டு வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதோடு நம் பங்கு முடிகிறது.

எங்கே போவது?

கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கள்ளிக்குப்பத்துக்கு இன்னும் கிட்டத்தில், ரெட்டேரி தாண்டினால் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. போகும்போது வாத்தை அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு வைத்து, அன்றைய எச்சத்தைச் சிறு டப்பாவிலும், தின்ற தீவனத்தில் ஒரு பிடியைக் கவரிலும் எடுத்துச் செல்லுங்கள். எப்போதிலிருந்து, என்ன தின்றது, எத்தனை வாத்துக்கு என்ற மூன்று கேள்விக்கும் பதிலோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

செத்தாலும் புதைத்துவிடாதீர்கள்

காரணம் தெரியாமல் ஒன்று செத்தால், பிரேதப் பரிசோதனைதான் மீதியைக் காப்பாற்றும் வழி. கையுறை போட்டு, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஃபிரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்துவிடும். பறவைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் நீங்கள் தூக்கிச் செல்லக்கூடாது, துறை ஆட்கள் வர வேண்டும். முடிவு கைக்கு வரும்வரை காத்திருக்காமல், அன்று மாலையே எல்லாத் தண்ணீர்ப் பாத்திரங்களையும் கவிழ்த்துத் தேய்த்து வெயிலில் வைத்துவிடுங்கள்.